மேளம் நிற்கிற இடம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். சாம்பார் வாசனை வர ஆரம்பித்துவிட்டது. அதற்குள் முடித்துவிடுகிறேன், பயப்படாதீர்கள்.

ஒவ்வொரு சந்திப்பிலும் அந்த வருஷம் மறைந்த நம்மவர்களின் பெயர்களை வாசித்து இரண்டு நிமிஷம் எழுந்து நிற்பது நம் வழக்கம். இந்த வருஷம் இளைய செட் நண்பர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். "எதுக்கு சார் இந்த இழவு வீட்டு முகம்? போனவங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு கொண்டாடுவோம். அவங்க போட்டோவெல்லாம் திரையில் போட்டு, பிடிச்ச பாட்டை ஓட விட்டு, சிரிச்சு நினைப்போம்" என்றார்கள். செயற்குழுவில் இதற்குப் பலத்த ஆதரவு இருந்தது. வரலாறு படித்தவன் என்பதால் என்னை இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

யோசனை நல்ல மனசில் வந்தது, அதில் சந்தேகமில்லை. புதுசு என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். நம்ம ஊரில் கல்யாணச் சாவு தெரியாதவர்கள் யார்? எண்பது தொண்ணூறு வயசில் பேரன் பேத்தி எடுத்த தாத்தா போனால் பூப்பல்லக்கு கட்டி, வாணவெடி போட்டு, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க, மேளத்துக்கு ஆட்டம் ஆடித்தானே எடுக்கிறோம்? ஆனால் அதே தெருவில் முப்பது வயசுப் பையன் போனால் எவனாவது வெடி போடுவானா? எந்தச் சாவுக்கு ஆடலாம், எதற்கு வாயைப் பொத்திக்கொண்டு நிற்கணும் என்று எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்குக்கூடத் தெரியும். நம் பட்டியலில் எண்பத்தாறு வயசுப் பேராசிரியரும் இருக்கிறார், நாற்பத்திரண்டு வயசு நண்பனும் இருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே பாட்டா?

குழுவில் ஒருவர் ரமணரை இழுத்தார். "1922-இல் அம்மா அழகம்மாள் காலமானபோது அவரே தீட்டு இல்லைன்னு சொல்லிச் சாப்பிட்டார். நமக்கு மட்டும் என்ன துக்கம்?" என்று கேட்டார். நடந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சாப்பாடு ராத்திரிக்கு நடந்தது. அன்றைய பகல் முழுக்க ஒரு கையை அம்மாவின் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே, அதை ஏன் விட்டுவிடுகிறோம்? உட்கார வேண்டிய நேரம் உட்கார்ந்தவர் எழுந்து சாப்பிட்டார். பிறந்தநாள் கொண்டாட்டத்தையே வேண்டாம் என்று தடுத்தவர் அவர் என்பதையும் நண்பர் மறந்துவிட்டார். 1950 ஏப்ரல் 14 இரவு அவர் உடலை விட்டபோது, உடல் நான் அல்ல என்று அவரிடமே பாடம் கேட்டவர்களும் அழுதார்கள். அதற்காக அவர்களை அரைகுறை பக்தர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு ஒரு சாவைப் பற்றி. கோயிலுக்குள் போகிறபோது வல்லாள கோபுரத்தின் கீழே எத்தனை தடவை நடந்திருப்போம்! அந்த மூன்றாம் வல்லாளன் ஹொய்சள ராஜா. டில்லிப் படைகளால் வடக்கே இருந்த தலைநகர் பாழான பிறகு அண்ணாமலையைத் தன் தலைநகராக்கிக்கொண்டவன். 1340களின் தொடக்கத்தில், கிழட்டு வயசில், மதுரை சுல்தான் கியாசுத்தீனோடு கண்ணனூர்ப் பக்கம் போர் செய்து பிடிபட்டான். கொன்று தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். அதைத் தன் கண்ணால் பார்த்ததாக இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார். தோல் மதுரை மதிலில் தொங்கும்போது திருவண்ணாமலையில் என்ன பாடை, என்ன கொள்ளி? முறையான சாவே இல்லாத சாவு.

அந்த ராஜாவுக்கு இந்த ஊர் என்ன செய்தது பாருங்கள். அருணாசல புராணத்தில் அவன் பிள்ளையில்லாதவன். ஈசனே குழந்தையாக வந்து அவனுக்கு மகனானார். (சரித்திரப்படி அவனுக்கு மகன் உண்டு. கொஞ்ச காலம் பட்டத்திலும் இருந்தான். வாத்தியார்கள் மன்னிக்கணும், இந்த இடத்தில் நான் ஊர் சொல்வதன் பக்கம்.) மகன் என்றால் மகன் செய்ய வேண்டியதைச் செய்தாகணும் இல்லையா? வருஷா வருஷம் தைப்பூசத்தன்று அண்ணாமலையார் ஈசான்ய குளத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். போகும்போது மேளதாளம். திரும்பும் வழியில் ராஜா போரில் செத்துப் போனார் என்ற சேதி வருகிறது. அந்த இடத்தில் மேளம் நின்றுவிடும். சாமி சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார். பிறகு மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கரையில் அப்பாவுக்குத் திதி. அதற்கும் பிறகுதான் மகனுக்கு மகுடாபிஷேகம், ராஜ்யப் பொறுப்பு.

நம் வீடுகளிலும் இதே வரிசைதானே? காரியம் முடிந்த அன்றைக்கு மாமன் முறைக்காரர் வந்து மகனுக்குத் தலைப்பாகை கட்டுகிறார். முதல் நாளே யாரும் தலைப்பாகையோடு வந்து நிற்பதில்லை.

செத்து அறுநூற்றி எண்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அழுகை எப்போதோ தீர்ந்திருக்கும். இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் சேதி புதுசாகத்தான் வருகிறது, மேளம் புதுசாகத்தான் நிற்கிறது. வல்லாளன் கோபுரம் கட்டியவன், வீரன், கொடையாளி என்று புகழ் பாடி ஒரு விழா எடுத்திருக்கலாம். ஊர் அப்படி ஆரம்பிக்கவில்லை. பாக்கி இருந்த துக்கத்தை முதலில் கொடுத்தது.

எங்கள் செட்டில் ஒருத்தன் 2021 மே மாதம் போனான். கொரோனா. எந்த வகுப்பு நண்பன் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் நாளே போய்ப் பந்தலில் நிற்பவன். பரிமாறி முடித்துக் கடைசிப் பந்தியில் சாப்பிடுபவன். அவனைக் கொண்டுபோனபோது நாலு பேர் கவச உடையில் நின்றார்கள். கூட்டம் கூடக் கூடாது என்ற நாட்கள். மகன் வெளிநாட்டிலிருந்து போனில் பார்த்தான். உறை பிரிக்கவில்லை, முகம் தெரியவில்லை. மதுரை மதிலில் தொங்கிய அந்த ராஜாவை வகுப்பில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். சாவு கிடைக்காத சாவு என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த இரண்டு வருஷத்தில் நம் பட்டியலில் ஏறிய பல பேருக்கு இதே கதைதான். தோளில் தூக்க ஆள் இல்லை. பதினாறாம் நாள் கூடவும் முடியவில்லை. 2020, 2021 இரண்டு வருஷமும் நம் சந்திப்பே நடக்கவில்லை, அதனால் இந்த மேடையிலும் அந்தப் பெயர்களை யாரும் வாசிக்கவில்லை. அடுத்த வருஷம் சேர்த்து வாசிக்கலாம் என்று தள்ளித் தள்ளி இன்றைக்கு வந்து நிற்கிறது. அவர்களை நேராகத் திரையில் சிரிக்க வைத்துப் பாட்டுப் போடச் சொல்கிறீர்கள். போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் நண்பனின் பந்திக் கதைகள் என்னிடமே இருபது இருக்கின்றன, எல்லாமே சிரிக்கிற கதைகள். ஆனால் அவன் வீட்டம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் நின்று அழ அன்றைக்கு எங்களில் ஒருத்தனுக்கும் அனுமதி இல்லை. அது முதலில் நடக்கட்டும்.

செயற்குழுவிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். முதலில் பெயர் வாசிப்பு. கல்லூரி வாத்திய மாணவர்கள் வாசித்துக்கொண்டே வருவார்கள். முதல் பெயருக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். 2020 முதல் இன்று வரையிலான பெயர்கள், படித்த வருஷ வரிசைப்படி. அந்தந்த செட் எழுந்து நிற்கணும், ஏனென்றால் இன்றைக்கு இங்கே அவர்கள்தான் பங்காளிகள். நேரம் ஆனால் ஆகட்டும், சாப்பாடு ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்கு இதே ஹாலில் திரை, போட்டோ, பாட்டு, கதை எல்லாம் உண்டு. தம்பி தங்கைகளும் இருங்கள். எங்கள் வாத்தியார்களைப் பற்றி உங்கள் முதல்வர் முன்னால் சொல்ல முடியாத சில கதைகள் அப்போது வெளியே வரும்.

இப்போது செயலாளர் பெயர்களை வாசிப்பார். 1968ஆம் வருஷ செட் அண்ணன்மார்கள் முதலில் எழுந்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் வலி இருக்கிறவர்கள் உட்கார்ந்தபடியே இருங்கள், பரவாயில்லை.