முதுகில் பதிந்த வட்டங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் பேச வருகிறவர்கள் அமைப்பின் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. எனக்கு முன்னே பேசியவர்கள் அந்தக் கடமையைச் செம்மையாக நிறைவேற்றிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பிழைதிருத்தம் மட்டுமே.

2016ஆம் ஆண்டு பெய்ஜிங்கிலிருந்து நான் எழுதி அனுப்பிய கட்டுரை ஒன்று இவ்வட்டத்தின் மாதக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. முதுகில் கண்ணாடிக் குவளைகளைக் கவிழ்த்துச் செய்யும் சீன மருத்துவத்தை நான் செய்துகொண்ட கதை அது. அவை விழுந்து விழுந்து சிரித்தது என்று நண்பர் ஒருவர் எனக்கு எழுதினார். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தக் கட்டுரையில் தகவற்பிழை ஏதும் இல்லை. ஆயினும் அது பிழையான கட்டுரை. ஏன் என்பதை இன்று உங்கள் முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். வட்டத்தின் விழாவில் முதுகில் விழுந்த வட்டங்களைப் பற்றிப் பேசுவது பொருத்தமும்தானே!

2014 முதல் 2019 வரை பெய்ஜிங்கில் வாழ்ந்தேன். தொழில்நுட்பக் கையேடுகளின் ஆங்கிலத்தைச் செப்பனிடுவது என் வேலை. 2016 ஆகஸ்டு மாதம் ரியோ ஒலிம்பிக் போட்டியின்போது அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் உடம்பில் ஊதா நிற வட்டங்களை உலகமே தொலைக்காட்சியில் கண்டு வியந்தது. பெய்ஜிங்கில் யாரும் வியக்கவில்லை. கோடைக்காலத்தில் அங்குள்ள நீச்சல் குளங்களில் அத்தகைய முதுகுகளைச் சாதாரணமாகக் காணலாம். எங்கள் அலுவலகத்தில் இருந்த அயல்நாட்டவர்களுக்குத்தான் ஆவல் பொங்கியது. நானும் போனேன். எனக்கு நோய் ஒன்றும் இல்லை. கட்டுரை ஒன்று வேண்டியிருந்தது.

சந்து ஒன்றில் இருந்த உடம்பு பிடித்துவிடும் கடை அது. ஓர் இளைஞர் என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். சாராயத்தில் நனைத்த பஞ்சை இடுக்கியால் பிடித்துக் கொளுத்தி, குவளைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்துவிட்டு, அந்தக் கணமே குவளையை முதுகில் கவிழ்த்தார். உள்ளிருக்கும் சூடான காற்று ஆறும்போது அதன் அழுத்தம் குறைகிறது. தோலும் சதையும் மேலே எழும்பிக் குவளைக்குள் புகுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன. வட்டமான கன்றல் அப்படித்தான் விழுகிறது. பன்னிரண்டு குவளைகள் வைத்தார்கள். வழக்கமாகப் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து நிமிடம் வைப்பார்கள். நானோ கைப்பேசியை அடுத்த கட்டிலில் கிடந்தவரிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இளைஞரோ வேறொரு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு இடங்களில் கொப்புளம் கண்டு, ஆறுவதற்குப் பத்து நாட்கள் பிடித்தன.

தமிழில் குவளை என்ற சொல் பாத்திரத்தையும் குறிக்கும், மலரையும் குறிக்கும். என் முதுகில் வைத்தது முதற்பொருள், மறுநாள் பூத்தது இரண்டாம் பொருள், அதுவும் கருங்குவளை என்று அக்கட்டுரையில் எழுதினேன். கவிஞர்கள் கைதட்டினார்களாம். நீங்கள் மிகவும் சிரித்த இடம் வேறு. உன் முதுகில் காற்றும் குளிரும் ஈரமும் நுழைந்திருக்கின்றன, அவற்றைத்தான் வெளியே இழுக்கிறேன் என்று அந்த இளைஞர் சொன்னார். சீனாவில் காற்றுக்கும் முதுகுப்பக்கமாகத்தான் வாசல் போலும் என்று எழுதி, அங்கே முற்றுப்புள்ளி வைத்தேன்.

இந்த மருத்துவத்தின் வரலாற்றை அன்று நான் தேடிப் படிக்கவில்லை. பின்னர் படித்தேன். சீன மொழியில் இதற்குப் பெயர் பா குவான். குவளையை இழுத்தெடுத்தல் என்று பொருள் சொல்லலாம். பழைய பெயர் கொம்பு முறை. விலங்கின் கொம்பைத் துளைத்து உறிஞ்சியதால் வந்த பெயர். ஹூனான் மாநிலத்தில் மாவாங்துய் என்னும் இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973இல் அகழ்ந்தபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் மூலநோய்க்குக் கொம்பு வைக்கும் குறிப்பு இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கோ ஹோங் என்பவரும் தமது அவசர மருத்துவக் கையேட்டில் கொம்பைப் பற்றி எழுதினார். எந்தக் கட்டிக்கு வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதினார். அதே கையேட்டின் வேறொரு குறிப்பைப் பின்பற்றித்தான் தூ யோயோ அம்மையார் மலேரியாவுக்கு மருந்து கண்டு 2015இல் நோபல் பரிசு பெற்றார். தாங் பேரரசுக் காலத்தில் அரசு மருத்துவக் கல்வியில் கொம்பு முறை தனிப் பிரிவாகவே இருந்தது. கொம்புக்குப் பின் மூங்கில் வந்தது, மண்கலம் வந்தது, கண்ணாடி வந்தது.

நம் நாட்டுக்கும் இது அந்நியம் அன்று. சுசுருதர் இரத்தம் வாங்குவதற்கு மூன்று கருவிகளைச் சொல்கிறார்: மாட்டுக் கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை. சித்த மருத்துவம் வகுத்த முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளில் உறிஞ்சல் ஒன்று. ஒற்றடம், வேது, தொக்கணம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிற சொல் அது. அரபு நாடுகளின் ஹிஜாமாவும் இதன் உறவுதான். அயலார் விந்தை என்று நான் வேடிக்கை பார்த்தது என் வீட்டுப் பரணில் கிடந்த பழைய பாத்திரம்.

இனி, நான் எழுதாமல் விட்ட கதைக்கு வருகிறேன்.

2017 டிசம்பரில் என் தாயார் காலமானார். பெய்ஜிங்கிலிருந்து விமானம் மாறி மாறி ஊர் வந்து சேர்ந்தபோது சிதை அடங்கியிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு ஜனவரியில் திரும்பினேன். அலுவலகத்தில் குடும்ப வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன். பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை நகர நிர்வாகமே குழாய் வழியாக வீடுகளுக்கு வெப்பம் அனுப்புகிறது. வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர், உள்ளே தொண்டையை வறட்டும் உலர்ந்த சூடு. எனக்கு இருமல் பிடித்தது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே பலகையை அறைந்தாற்போல் ஒரு வலி. இரவுகளில் உறக்கம் இல்லை.

பக்கத்துக் குடியிருப்பில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். அங்கே வயதில் மூத்த பெண்மணியை ஆயி என்று அழைப்பார்கள். சித்தி என்பது போன்ற சொல். சுவரின் வழியாக என் இருமலைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்காமல், கற்கண்டு சேர்த்து வேகவைத்த பேரிக்காயைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு கதவைத் தட்டினார். மூன்றாம் நாளும் இருமல் நிற்கவில்லை என்றதும் என்னைப் பாரம்பரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போய், வரிசையில் நின்று சீட்டும் வாங்கிக் கொடுத்தார். ஊசி குத்திக் குவளை வைத்தால் பாதி நோய் போய்விடும் என்று அவர்கள் ஊரில் ஒரு சொலவடை உண்டு. வழிநெடுக அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

மருத்துவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. இரண்டு மணிக்கட்டுகளிலும் மும்மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். இலேசான காய்ச்சல் இருப்பதை அறிந்ததும், குவளைக்கு முன்னால் மார்புப் படம் என்று சொல்லிக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டார். ஊடுகதிர்ப் படத்தில் நுரையீரல் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என்னை மேற்சட்டையைக் கழற்றச் சொன்னார். பழமைக்குள் அடைந்து கிடக்கும் மருத்துவம் என்று என் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி அன்று அந்த மாடிப்படிகளிலேயே விழுந்துவிட்டது.

உறக்கம் எப்படி என்று கேட்டார். இல்லை என்றேன். மனத்தில் ஏதாவது பாரம் உண்டா என்று கேட்டார். சீன மருத்துவத்தில் துயரம் நுரையீரலுக்கு உரியது. இருமலோடு வருகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது அவர்கள் முறைக்கு உட்பட்டதே. எனக்கு அது அப்போது தெரியாது. என் சீனமொழி காய்கறிக் கடைக்குப் போதுமானது. தெரிந்த நாலைந்து சொற்களைக் கூட்டி, மாமா பு ட்ஸாய் ல என்றேன். அம்மா இல்லை என்று பொருள். இறந்துவிட்டார் என்பதை மென்மையாகச் சொல்ல அவர்களும் இல்லை என்றே சொல்கிறார்கள், நாம் சொல்வது போலவே. பெய்ஜிங்கில் அந்தச் செய்தியை நான் வாய்திறந்து சொன்னது அதுதான் முதல் முறை. ஆயி திரைக்கு அப்பால் நின்றிருந்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

மருத்துவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு குவளைகளை வைத்தார். ஒவ்வொன்றையும் வைக்கும் முன்பு, இங்கே வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். மற்ற நோயாளிகள் காத்திருந்தும், பத்து நிமிடமும் முக்காலியில் அருகிலேயே அமர்ந்திருந்தார். எடுத்த பின், இன்று குளிக்காதே, முதுகில் காற்றுப் படவிடாதே, வெந்நீர் குடி என்றார். நண்பர்களே, இந்த மூன்று வாக்கியங்களையும் நான் தமிழில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! குளித்த தலையோடு காற்றில் நிற்காதே, வாயுப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லித்தானே என் தாய் என்னை வளர்த்தார்? காற்று முதுகில் நுழைகிறது என்றால் எனக்குச் சிரிப்பு வந்தது. வாயுப்பிடிப்பு என்றால் சிரிப்பு வராது. இரண்டும் ஒரே சொல். எள்ளி நகையாடிய அந்த வரியில் நான் எள்ளியது யாரை என்று அன்றிரவு யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குவளை நோயை இழுத்துப்போட்டது என்று சாட்சி சொல்ல நான் வரவில்லை. தோலைக் கீறாமல் வைக்கும் குவளை உடலிலிருந்து எந்த நஞ்சையும் வெளியே எடுப்பதில்லை. ஊதா நிறம் கசிந்த இரத்தத்தின் நிறம், அவ்வளவே. கழுத்துவலி, இடுப்புவலிக்கு ஓரளவு இதம் தருவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அவை உறுதியான முடிவுக்குப் போதிய வலிமை உடையவை அல்ல. குருதி எளிதில் உறையாதவர்களும், அதற்கான மருந்து உண்பவர்களும், தோலில் புண் உள்ளவர்களும் இதைச் செய்துகொள்ளக் கூடாது. எனக்கு முதுகுவலி மூன்று நாள் தணிந்து மறுபடி வந்து பிறகு மெல்லப் போயிற்று. இருமல் மூன்று வாரத்தில் நின்றது. குவளை இல்லாமலும் நின்றிருக்கும். ஆனால் அன்றிரவு உறங்கினேன். அதற்குக் குவளை காரணமா, கேள்வி காரணமா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1929இல் பாரிஸ் நகரில் நிமோனியாவுடன் ஒரு பொது மருத்துவமனையில் கிடந்தார். அவரும் அங்கே அயல்நாட்டவர். அவருக்கும் குவளை வைத்தார்கள். ஏழைகள் இறக்கும் விதத்தைப் பற்றி 1946இல் வெளியிட்ட கட்டுரையில் அதை விவரிக்கிறார். மருத்துவரும் மாணவரும் அவரிடம் ஒரு சொல்லும் பேசாமல் தூக்கி உட்கார வைத்துக் குவளைகளை வைத்துவிட்டுப் போனார்கள். அதே நெருப்பு, அதே கண்ணாடி. அவருக்கு அது அவமானமாக நினைவில் நின்றது. எனக்கு வேறு விதமாக நின்றதற்குக் காரணம், என்னிடம் ஒருவர் பேசினார் என்பதே. நம் சித்தர்கள் நோயை அறிய வகுத்த எண்வகைத் தேர்வில் நாடி, நா, விழி ஆகியவற்றோடு மொழியையும் ஒன்றாக வைத்தார்கள். சீனர்களின் நால்வகைத் தேர்விலும் கேட்டல் இருக்கிறது, வினவுதல் இருக்கிறது. மொழியைத் தொழிலாகக் கொண்ட நாம் அதை மறந்து, பிறர் உடம்பையும் பிறர் நம்பிக்கையையும் வெறும் காட்சியாக எழுதிவிடுகிறோம்.

தன் முதுகைத் தான் பார்க்க இயலாது. அந்த ஆறு வட்டங்களின் நிறம் மாறி மறையும் வரை, நாள்தோறும் மாலையில் ஆயிதான் பார்த்துச் சொன்னார்: இன்று ஊதா, இன்று பழுப்பு, இன்று மஞ்சள், இன்று ஒன்றும் இல்லை. முதல் முறை பதிந்த பன்னிரண்டையும் நானே படம் பிடித்து வைத்திருக்கிறேன். இந்த ஆறுக்கும் படம் இல்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பத்தாம் ஆண்டு மலரில் என்னுடைய அந்தப் பழைய கட்டுரையைச் சேர்ப்பதாக மலர்க்குழுவினர் சொன்னார்கள். வேண்டாம் என்றேன், அவையினர் விரும்பிக் கேட்ட கட்டுரை, சேர்த்தே தீருவோம் என்கிறார்கள். நன்று, சேர்த்துக்கொள்ளுங்கள். சிரிக்கவும் செய்யுங்கள், அந்தக் கருங்குவளைச் சிலேடையை நானும் இன்னும் விரும்பத்தான் செய்கிறேன். அடுத்த பக்கத்திலேயே இந்த உரையையும் அச்சிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும்.