சிவப்புக்குத் தெரியாததைப் பச்சை சொல்லும்

தொலைநோக்கி ஆடியின் மேடுபள்ளங்களை ஒளியால் அளப்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கருவியைச் சுருக்கமாக முடித்துவிட்டு, எனக்குப் பிடித்த இடத்துக்குப் போய்விடுகிறேன், கோபிக்காதீர்கள்.

லேசர் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒரு பாதி சோதிக்கும் ஆடிக்குப் போகும். மறுபாதி ஒப்பீட்டு ஆடிக்கு. இரண்டும் திரும்பி வந்து கலக்கும் இடத்தில் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் விழும். இதுதான் குறுக்கீட்டுமானி. ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 632.8 நானோமீட்டர். ஒளி போய்த் திரும்புவதால், பரப்பு அதில் பாதி, அதாவது 316 நானோமீட்டர் உயர்ந்ததும் அதே பட்டை மறுபடி வந்துவிடும். வழவழப்பான பரப்பில் பட்டைகளைத் தொடர்ந்து எண்ணிவிடலாம். நடுவே செங்குத்தாக ஒரு படி இருந்தால்? அதன் உயரம் 100 நானோமீட்டரா, 416-ஆ? சிவப்புக்குத் தெரியாது.

அதற்குத்தான் 543.5 நானோமீட்டர் பச்சை லேசர். பஞ்சாங்கத்தைப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை வாரந்தோறும் வரும், ரோகிணி 27 நாளுக்கொரு தரம் வரும், வெள்ளியும் ரோகிணியும் கூடும் நாளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுபோல இரு நிறங்களும் கூடினால், 316-இல் வந்த குழப்பம் சுமார் 1,900 நானோமீட்டர் வரை தள்ளிப்போகிறது. ஆனால் அளவுப் பிழையும் ஆறு மடங்காகிவிடும்! ஆகவே எத்தனையாவது பட்டை என்பதை மட்டும் இந்தக் கூட்டிடம் கேட்டுக்கொண்டு, நுணுக்கத்துக்குச் சிவப்பிடமே திரும்புவோம்.

லேசர் பிறக்கும் முன்பே இந்தப் பலநிற உத்தியின் வேர் இருந்தது. 1892-93இல் பாரிஸ் அருகே செவ்ரில், இயற்பியலாளர்கள் மைக்கேல்சனும் பெனுவாவும் காட்மியம் விளக்கின் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் மீட்டர் கோலை அளந்தார்கள். கிடைத்த விடை 15,53,163.5 சிவப்பு அலைகள். அத்தனையையும் உட்கார்ந்து எண்ணவில்லை. ஒவ்வொரு நிறத்திலும் மிஞ்சிய பின்னத்தை ஒப்பிட்டே முழு எண்ணை உறுதிசெய்தார்கள்.

இன்றைய இருநிறக் கருவியைக் கட்டுவதில் என்ன கஷ்டம் என்பீர்கள். இரு நிறங்களும் ஒரே ஊசித்துளை வழியே, ஒரே பாதையில் போக வேண்டும். வில்லைகள் நிறத்துக்கு நிறம் வேறிடத்தில் குவிப்பதால், ஒளியை விரிக்கவும் நான் ஆடிகளையே வைப்பேன். பிறகு காற்று. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏசி ஓடினால் பட்டைகள் நெளியும். நிறுத்தினால் நாங்கள் நெளிவோம். நிறுத்திவிட்டு, வியர்த்தபடிதான் அளப்போம்.

கேமரா, கணக்கு நிரல் எல்லாவற்றுக்கும் இன்று நேரமில்லை. பள்ளிப் பிள்ளைகள் யாராவது, நன்றாகத் துடைத்த இரண்டு நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். வண்ண வளையங்கள் தெரியும்.