மறதி நோயுள்ள பெற்றோருக்கு இல்லம் தேடும்போது
(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூறாண்டு நிறைவைக் கொண்டாடும் நேரத்தில் முதியோர் இல்லம் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். எமது வகுப்புத் தோழிகளின் வாட்சப் குழுவைப் பார்த்தால் காரணம் விளங்கும். பத்து வருடங்களுக்கு முன் அதில் பிள்ளைகளின் புலமைப்பரிசில் பரீட்சை பற்றிப் பேசினோம். இப்போது, "அம்மா இரவில படலையைத் திறந்துகொண்டு போறா, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் 12 வீதத்துக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்திருந்தார்கள். எம்மவர் வீடுகளில் ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி லண்டனில், தம்பி சிட்னியில் என்றிருக்க, ஊரிலோ கொழும்பிலோ மிஞ்சியிருக்கும் ஒருத்தியின் தலையில்தான் எல்லாம் வந்து விழுகிறது. அந்த ஒருத்தி இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். மற்றவர்கள் இதை மலரில் வாசிப்பார்கள். இரு சாராரையும் மனதில் வைத்தே பேசுகிறோம்.

இல்லம் தேட முதல் ஒரு விடயத்தை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இது உண்மையில் மறதி நோய்தானா? வயது போனால் அப்படித்தான் என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடுகிறோம். தைரோயிட் குறைபாடு, விட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, விழுந்து சில வாரங்களின் பின் மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் இரத்தம் ஆகிய எல்லாமே மறதியாகத் தோற்றமளிக்கும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. தடிமனுக்கும் கடிக்கும் நாமே கடையில் வாங்கிக் கொடுக்கும் பிரிட்டன் குளிசைகூட வயதானவரின் மூளையைக் கலக்கிவிடும். மாதக்கணக்கில் மெதுவாக மறந்துவந்தவர் இரண்டு நாளில் திடீரென்று ஆளே மாறிப்போனால், அது சிறுநீர்த் தொற்றாகவோ சளிக் காய்ச்சலாகவோ இருக்கலாம். அவரைக் கொண்டுபோக வேண்டிய இடம் வைத்தியசாலை. குழப்பம் தெளியாத அந்த நிலையில் இல்லத்தில் சேர்க்கும் முடிவை எடுக்கக்கூடாது.

"அம்மாவைக் கொண்டுபோய் இல்லத்தில விட்டிட்டாளாம்" என்ற பேச்சு பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சு மகனைச் சுடுவதில்லை. மகளையும் மருமகளையுமே சுடுகிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்கிறது. நல்ல இடத்தைத் தேடி, சேர்த்து, கிழமைக்கு இரண்டு தரம் போய்ப் பார்ப்பதை எந்த நியாயத்தில் கைவிடுதல் என்பது? பராமரிப்பவர் மாதக்கணக்கில் இரவில் தொடர்ச்சியாக நித்திரை கொள்ளவில்லை என்றால், அல்லது அவருக்குக் கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வரத் தொடங்கினால், நேரம் வந்துவிட்டது என்றே நாம் கொள்வோம். அதற்கு முன் பகல்நேரப் பராமரிப்பு, வீட்டுக்கு வரும் உதவியாளர் போன்ற வழிகளைப் பார்க்கலாம். கொழும்பில் இருப்பவர்களுக்கு மருதானையில் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் இருக்கிறது. ஆலோசனைக்கென்றாவது ஒருமுறை போய்வாருங்கள்.

இனி இல்லத்துக்கு வருவோம். இலங்கையில் முதியோர் இல்லம் என்பது பெரும்பாலும் ஆதரவற்ற முதியோருக்காகத் தொடங்கப்பட்டது. பல இடங்களில், தானே எழுந்து குளித்துச் சாப்பிடக்கூடியவரை மட்டுமே சேர்ப்பார்கள். ஆகவே தொலைபேசியில் கேட்க வேண்டிய முதற் கேள்வி கட்டணம் பற்றியதாக இருக்கக்கூடாது. "இவருக்கு மறதி நோய். நாளைக்கு நடக்க முடியாமற் போனால், படுக்கையிலே மலசலம் போனால், இரவில் எழும்பித் திரிந்தால் வைத்திருப்பீர்களா, அல்லது கூட்டிக்கொண்டு போகச் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். மறதி நோயாளரை ஒவ்வொரு முறை இடம் மாற்றும்போதும் அவர் தெரிந்த கொஞ்சத்தையும் இழக்கிறார். கடைசிவரை வைத்திருக்கக்கூடிய இடமே தேவை. ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் அந்த 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். ஆனால் சான்றிதழ் இருப்பதால் மட்டும் திருப்திப்பட வேண்டாம்.

போய்ப் பார்ப்பதென்றால் பின்னேரம் ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் போங்கள். காலை பத்து மணிக்கு எல்லா இல்லமும் அழகாகத்தான் இருக்கும். பொழுது சாயும்போதுதான் இந்த நோயாளருக்குக் குழப்பம் கூடும். "வீட்டை போகவேணும், பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வரப்போகினம்" என்று எழும்புவார்கள். அந்த நேரத்தில் பணியாளர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கையைப் பிடித்து நாலடி கூட நடந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவோம் என்கிறாரா, "இருங்கோ பேசாமல்" என்று கதிரையில் அமுக்குகிறாரா? பளிங்குத் தரையையும் புதுக் கட்டிலையும் விட இந்த ஒரு காட்சி எமக்குக் கூடச் சொல்லும். பளபளக்கும் தரை இவர்களுக்கு ஆபத்தும்கூட. ஈரமென்று நினைத்துத் தயங்கி நிற்பார்கள், அல்லது உண்மையிலேயே சறுக்கி விழுவார்கள். கட்டிலிலிருந்து மலசலகூடம் எத்தனை அடி, இரவில் அங்கே வெளிச்சம் எரிகிறதா, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், அவர்களில் விழித்திருப்பவர் எத்தனை பேர் என்பவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஊட்டிவிடுபவர் நின்றுகொண்டு ஊட்டுகிறாரா, பக்கத்தில் இருந்து ஊட்டுகிறாரா என்றும் கவனியுங்கள். விழுங்கக் கஷ்டப்படுபவருக்கு அவசரமாக ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போகும். மறதி நோயாளர் பலர் இறுதியில் நிமோனியாவால் இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிப்பாட்டுவது பற்றி எவரும் கேட்பதில்லை. எமது அனுபவத்தில் அதுதான் பெரிய கேள்வி. எம் தாய்மார் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து உடுப்பு முழுவதையும் கழற்றி, தலைக்கு மேலிருந்து ஷவரைத் திறந்துவிட்டால், யாரோ தன் மானத்தைக் கெடுக்க வருகிறார்கள் என்றே அவர் நினைப்பார். அடிப்பார், கடிப்பார், நகத்தால் கீறுவார். பதிவேட்டில் 'கட்டுக்கடங்காதவர்' என்று எழுதப்படும். அடுத்த கிழமை ஒரு குளிசை தொடங்கும். அது அவரைப் பகல் முழுக்கக் கதிரையில் தூங்கவைக்கும். தூக்கக் கலக்கத்தில் எழும்பி விழுவார். இடுப்பெலும்பு முறியும். பிறகு அவர் நடக்கமாட்டார். ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரும் ஒரு செம்பும் பழைய சேலைத்துண்டும், அவசரப்படாத ஒரு பெண்ணும் இருந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. "எங்கள் அம்மாவை யார் குளிப்பாட்டுவார், எப்படிக் குளிப்பாட்டுவார்?" என்று கேளுங்கள். கேள்வியை விளங்கிக்கொள்ளும் இல்லமே நல்ல இல்லம். அப்பாவுக்கும் இதே கேள்விதான். ஆண் பணியாளர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

அந்தக் குளிசை பற்றி வைத்தியர்களாக இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரிஸ்பெரிடோன், ஒலன்சபீன் போன்ற மனநோய் மருந்துகள் மறதி நோயுள்ள முதியோரில் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. பக்கவாத ஆபத்தும் உண்டு. சிலருக்குச் சில காலம் அவை தேவைப்படலாம், நாமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் யார் தொடங்கினார், எதற்காக, எப்போது நிறுத்துவது என்ற மூன்றும் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களவருக்கு வந்திருப்பது லூயி பொடி வகை மறதி நோய் என்றால் ஹலோபெரிடோல் கொடுக்கவே கூடாது என்று மருந்துக் கொப்பியின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அடுத்தது மொழி. இரண்டு மூன்று மொழிகளில் வாழ்ந்தவர்கள்கூட இந்த நோய் முற்ற முற்ற, பிற்காலத்தில் கற்ற மொழியை முதலில் இழந்து தாய்மொழிக்குத் திரும்புவதைக் காண்கிறோம். நாற்பது வருடம் கொழும்பில் சிங்களத்தில் அலுவலகம் நடத்தியவருக்கு "வதுர" என்ற சொல் விளங்காமற் போகலாம். லண்டனில் ஆங்கிலத்தில் கற்பித்த ஆசிரியை தாதியிடம் "தலை இடிக்குது" என்று தமிழில் சொல்லி, விளங்கப்படாமல், அழுதுகொண்டு இருப்பார். ஆகவே இரவு வேலையில் தமிழ் தெரிந்த ஒருவராவது இருக்கும் இடம், தமிழே இல்லாத வசதியான இடத்தை விட மேல் என்பது எமது எண்ணம். இதில் எல்லா வைத்தியரும் எம்முடன் உடன்படமாட்டார்கள்.

வெளிநாட்டில் பெற்றோரை வைத்திருப்பவர்களுக்குச் சில வசதிகள் உண்டு. இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணைக்குழு ஒவ்வொரு இல்லத்தையும் பார்வையிட்டு நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுத்து அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிடுகிறது. அவுஸ்திரேலியாவில் நட்சத்திர மதிப்பீடு இருக்கிறது. 2023 ஜூலை முதல் 24 மணி நேரமும் பதிவுபெற்ற தாதி ஒருவர் இல்லத்தில் இருக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஒன்ராறியோவில் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. தேவை வரும் முன்னரே விண்ணப்பிப்பது நல்லது. அறிக்கையை வாசியுங்கள், பிறகு பின்னேரம் ஐந்து மணிக்கு நேரில் போங்கள்.

பணமும் கையெழுத்தும். மாதக் கட்டணத்தில் பம்பேர்ஸ், மருந்து, பிசியோதெரபி எவை அடங்கும், எவை புறம்பு என்று எழுத்தில் வாங்குங்கள். முற்பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் எழுதுவியுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அனுமதித்தால் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். இல்லம் ஆள் அனுப்புமா, அந்தச் செலவு யாருடையது? இரவு இரண்டு மணிக்கு யாருடைய இலக்கத்துக்கு அழைப்பார்கள்? ரொறன்ரோ இலக்கத்தைக் கொடுத்துவிட்டு இருக்க முடியாது. ஓய்வூதியம் பெறுபவருக்கு வருடாந்தம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். முகவரி மாறினால் கிராம உத்தியோகத்தருடன் முதலே பேசிக்கொள்ளுங்கள்.

தேசவழமைக்கு உட்பட்ட குடும்பங்களில் மனைவி தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்கும் ஈடுவைப்பதற்கும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவனுக்கு மறதி நோய் முற்றிவிட்டால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை, மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சீதனக் காணியை விற்றுக் கணவனைப் பராமரிக்க நினைத்து, பத்திரம் முடிக்கும் நேரத்தில்தான் இதை அறிந்து திகைத்த பெண்களைக் கண்டிருக்கிறோம். புத்தி தெளிவாக இருக்கும் காலத்திலேயே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். இங்கிலாந்திலும் ஒன்ராறியோவிலும்கூட அதிகாரப் பத்திரத்தைத் தெளிவு இருக்கும்போதுதான் எழுதமுடியும்.

சகோதரங்களிடையே வரும் பிணக்குக்கு எம்மிடம் மருந்தில்லை. ஒரு யோசனை மட்டும் உண்டு. கிழமைதோறும் போய்ப் பார்ப்பவரின் சொல்லுக்கே கூட நிறை கொடுங்கள். மூன்று கிழமை விடுமுறையில் வந்து, சுவரின் நிறம் பிடிக்காமல் அம்மாவை வேறு இல்லத்துக்கு மாற்றிவிட்டு விமானம் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். காசு அனுப்புவது பெரிய உதவிதான். அது வாக்குரிமையாகிவிடக் கூடாது. உள்ளூரில் இருக்கும் சகோதரிக்கு வருடத்தில் ஒரு மாதமாவது வந்து நின்று ஓய்வு கொடுத்தால் அது காசை விடப் பெறுமதியானது.

சேர்த்த முதல் சில வாரங்கள் கடினம். "அம்மா பழகும்வரை இரண்டு கிழமை வராதீங்கோ" என்று சொல்லும் இல்லங்கள் உண்டு. அதில் எமக்கு உடன்பாடில்லை. எந்த நேரமும் முன்னறிவித்தல் இல்லாமல் வந்து பார்க்கலாம் என்று சொல்லும் இடத்தையே நம்புங்கள். அவர் தன் அம்மாவைத் தேடி அழுதால், "அம்மம்மா செத்து முப்பது வருசம்" என்று திருத்த வேண்டாம். ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுச் செத்தவீடு. அம்மம்மா எப்படிக் கறி வைப்பா என்று கேளுங்கள், கதை வேறு பக்கம் போகும்.

கடைசியாக ஒரு தாள். அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைப்பதற்கு. அவரை எப்படிக் கூப்பிட வேண்டும், ரீச்சரா, அம்மாவா, வீட்டுப் பெயரா? தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு? மச்சம் சாப்பிடாத நாள் எது? திருநீறா, செபமாலையா, தஸ்பீஹா? எந்தக் காது கேட்கும், கண்ணாடி எங்கே இருக்கும்? எதைக் கண்டால் பயம்? ஷெல் சத்தத்தில் வாழ்ந்தவருக்கு இடிமுழக்கமும் பட்டாசும் என்ன செய்யும் என்பதை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் இருபது வயதுப் பணிப்பெண்ணுக்கு எழுதி வைத்தால்தான் தெரியும். இந்தத் தாளின் மாதிரியை வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். போகும்போது ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள், வீட்டில் அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் இருத்தி, அவரே பதில் சொல்லக்கூடிய காலத்திலேயே நிரப்பிவிடுங்கள். தேநீர் வேளையில் கேள்விகளுக்கு இங்கேயே இருப்போம்.