புரண்டு படுக்க இயலாத பெற்றோர்



வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதும் கஹ்ஃப் அத்தியாயத்தின் 18ஆம் வசனத்தில், குகையில் உறங்கியோரை வலப்புறமும் இடப்புறமும் தானே புரட்டியதாக அல்லாஹ் கூறுகின்றான். புரட்டப்படாதிருந்தால் மண் அவர்களது மேனியைத் தின்றிருக்கும் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியதாக விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர்.

முதியோர் இல்லங்களில் படுத்த படுக்கையாயிருக்கும் நம் பெற்றோரைப் புரட்டுவோர் யார்? (அவர்களை அங்கு விட்டது சரியா என்பது வேறொரு ஜும்ஆவுக்குரிய பேச்சு.) ஒரே பக்கமாகக் கிடந்தால், எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தோல் நசுங்கி, இரத்தவோட்டம் தடைபட்டுப் படுக்கைப்புண் உண்டாகும். சர்க்கரை நோயால் மரத்துப்போன குதிகாலில் வலியும் தெரியாது. ஆகவே குதிகால், இடுப்பு, வால் எலும்பு, தோள்பட்டை, பின்னந்தலை ஆகியவற்றை நாள்தோறும் பார்த்தாக வேண்டும். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லையெனில் புண் தொடங்கிவிட்டது. கருத்த மேனியில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, தடிப்பு, நிறமாற்றம் உண்டா எனத் தொட்டுப் பார்க்க வேண்டும். அவ்விடத்தைத் தேய்க்கலாகாது.

காணச் செல்வோர் பழம் கொண்டு செல்கின்றனர். போர்வையை விலக்கிப் பார்ப்பதில்லை. வெட்கம் தடுக்கின்றது. மறைவிடத்தைப் பார்ப்பது ஹராமல்லவா என்கின்றனர். மருத்துவத் தேவைக்கு, தேவையான அளவு மட்டும் பார்ப்பதை ஃபிக்ஹு அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். தந்தையை மகன் பார்க்கட்டும். தாயை மகளோ, பெண் பணியாளரோ பார்க்கட்டும்.

இன்று தொழுகை முடிந்து அங்கு செல்வோர், கடைசியாக எப்போது புரட்டினார்கள், தோலைப் பார்த்தவர் யார் எனப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அதைப் பதியும் குறிப்பேட்டையும் காட்டச் சொல்லுங்கள்.