கோழிப் பேனுக்குச் சாம்பல், கூட்டுக்குச் சுண்ணாம்பு

2022இல் இலங்கையில் கேஸ் இல்லாமல் விறகடுப்புக்குத் திரும்பினோம். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினோம். வளவில் நாலு கோழி நின்றால் எவ்வளவு பெரிய உதவி என்று குண்டசாலையில் பல வீடுகள் கண்டுகொண்ட காலம் அது. அந்தக் கோழிகளுக்குப் பேனும் செள்ளும் பிடித்தால் அம்மம்மா செய்த வைத்தியம் பலிக்குமா? பெரும்பகுதி பலிக்கும். பூச்சி குடியிருக்கும் இடம் தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பேன் கோழியின் உடம்பிலேயே பிறந்து அங்கேயே சாகும். வாலுக்குக் கீழே இறகை விலக்கினால், வைக்கோல் நிறத்தில் ஓடி ஒளியும். இறகின் அடியில் வெள்ளையாய்த் திரண்டு ஒட்டியிருப்பது ஈர். செள்ளில் சில வகை கோழியிலேயே தங்கும். ஆனால் சிவப்புச் செள் பகலில் கூட்டு வெடிப்பிலும் கோழி அடையும் கம்பின் அடியிலும் பதுங்கி, இரவில் ஏறி இரத்தம் குடிக்கும். ராத்திரி டோர்ச் வெளிச்சத்தில் கம்பின் அடியை வெள்ளைக் கடதாசியால் துடைத்துப் பாருங்கள். சிவப்பாய்க் கறை பட்டால் செள் இருக்கிறது.

கோழி புழுதியில் புரள்வது வெறும் விளையாட்டல்ல. நுண்பொடி பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகைக் கெடுத்து அதை வற்றச்செய்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மணலோடு வெண்களிமண் போன்ற நுண்பொடி கலந்த பெட்டியை வைத்தபோது, அதில் புரண்ட கோழிகளில் ஒரு வாரத்தில் பேனும் உடம்பில் தங்கும் செள்ளும் 80 முதல் 100 சதவீதம் குறைந்தன. பெட்டியை எடுத்ததும் அந்தப் பலன் நிலைக்கவில்லை. நம் அடுப்புச் சாம்பலும் நுண்பொடிதான். சலித்த சாம்பலையும் காய்ந்த மணலையும் ஒரு பெட்டியில் கலந்து, கூரைக்குக் கீழே நிரந்தரமாக வையுங்கள். மாரி மழையில் வளவெல்லாம் சேறாகும்போது கோழிக்குக் குளிக்கக் கிடைப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

சிவப்புச் செள்ளுக்கு மருந்து கூட்டுக்குத்தான். காலையில் கோழிகளை வெளியே விட்டு, பழைய வைக்கோலை எரித்து, கம்புகளுக்குக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். பிறகு வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசுங்கள். அருகிலுள்ள திகனப் பக்கம் சுண்ணாம்புக்கு என்ன பஞ்சம்! கூட்டைச் சும்மா பூட்டிப் போட்டால் போதாது. இந்தச் செள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பிழைக்கும். சூடான காலநிலையில் ஏழு நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். பேன் ஈரும் ஒரு வாரத்துக்குள் பொரிக்கும். அதனால் ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அடைக்கோழிக்குக் கீழே வேப்பிலை, நொச்சி போடலாம். துணைக்கு உதவும், அதை மட்டும் நம்பக் கூடாது. கால் செதில் தடித்துக் கிளம்பினால் தேங்காயெண்ணெய் நல்ல வைத்தியம். செதிலுக்கு உள்ளே இருக்கும் செள்ளுக்கு மூச்சுமுட்டும். சிலர் பூசும் மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். புகையிலைத் தண்ணீர் கோழிக்கே நஞ்சு. இரண்டையும் கைவிடுங்கள்.

பண்ணையிலிருந்து மலிவாக வாங்கும் முட்டைக் கோழிகளில் பல அலகு நறுக்கியவை. கோதிப் பேன் எடுக்க அவற்றால் சரிவர இயலாது. அவற்றை அடிக்கடி பிடித்துப் பாருங்கள். கொண்டை வெளிறிச் சோர்ந்து நின்றால் வீட்டு வைத்தியத்தோடு நாள் கடத்தாமல் அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள்.

சாம்பலும் சுண்ணாம்பும் மலிவாகக் கிடைப்பதால் அவற்றைக் குறைவாக எண்ண வேண்டாம். வாரம் ஒருமுறை கோழியைக் கையிலெடுத்து இறகை விலக்கிப் பார்ப்பவருக்கு அவை முழு மருந்து. பாராதவருக்குக் கடையில் வாங்கும் மருந்தும் பாதிதான்.