மனமும் பொறியும்

கண்ணுக்குப் புலனாகாத பொருளை விளக்கப் புகுவோர், கண்ணுக்குப் புலனாகும் ஒன்றை உவமையாகக் கூறுதல் இயல்பு. கிரேக்க அறிஞர் பிளேட்டோ நினைவை மெழுகுப் பலகைக்கு ஒப்பிட்டார். பிற்காலத்தார் மூளையைத் தொலைபேசி நிலையம் என்றனர். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் கணிப்பொறி தோன்றியதும், மனமும் அத்தகைய பொறியே என்னும் கருத்து எழுந்தது. செய்தி புலன்களின் வழியே உட்புகுகிறது, விதிகளின்படி மாற்றம் பெறுகிறது, நினைவில் சேர்கிறது, வேண்டும்போது வெளிப்படுகிறது. இக்கருத்தின்மீது வளர்ந்த துறையே அறிதல் உளவியல்.

இத்துறை ஆற்றிய தொண்டு சிறிதன்று. அதற்குமுன் அமெரிக்காவில் ஓங்கியிருந்த நடத்தைக் கொள்கையினர், புறத்தே காணும் செயலையே ஆராய வேண்டும், மனத்தைப் பற்றிய பேச்சு அறிவியலுக்கு ஆகாது என்றனர். அத்தடையைப் புதிய துறையினர் நீக்கினர். நாம் ஒரே வேளையில் நினைவில் நிறுத்தக்கூடியவை ஏறத்தாழ 7 உருப்படிகளே என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. 1967-இல் அல்ரிக் நைசர் எழுதிய 'அறிதல் உளவியல்' என்னும் நூல் துறைக்கு உருவம் தந்தது.

ஆயினும், உவமை வேறு, பொருள் வேறு. முகம் திங்களைப் போன்றது என்றால், முகமும் தேய்ந்து வளரும் என்று கொள்வார் உண்டோ? மனத்தைப் பற்றிய இவ்வுவமையின் குறைகளை எடுத்துரைத்தவர்களுள் துறையை வளர்த்தவர்களே இருந்தனர் என்பது வியப்புக்குரியது.

நைசர் 1976-இல் மற்றொரு நூல் எழுதினார். ஆய்வுக்கூடத்தில் கணப்பொழுது மின்னி மறையும் எழுத்துகளைக் காட்டி நடத்தும் சோதனை, உலகில் நடமாடும் மனிதன் பொருள்களை அறியும் வகையை உணர்த்தப் போதாது என்பது அவர் குறைபாடு. அவருடன் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் கிப்சனும் அவ்வாறே கருதினார். காண்டல் கண்ணின் தொழில் மட்டுமன்று. நடந்தும், திரும்பியும், நெருங்கியும் பார்க்கின்ற முழு உடலின் தொழில் என்றார் அவர்.

ஜெரோம் புரூனர், 1960-இல் மில்லருடன் சேர்ந்து ஹார்வர்டில் அறிதல் ஆய்வு நிலையத்தை அமைத்தவர். பொருளை ஆராயப் புறப்பட்ட துறை செய்தியை ஆராய்வதில் நின்றுவிட்டது என்று 1990-இல் அவர் வருந்தி எழுதினார். 'மழை வருகிறது' என்னும் சொற்களை எண்ணிப் பாருங்கள். விதைத்துவிட்டு வானத்தை நோக்கியிருப்பவனுக்கு அது மகிழ்ச்சி. களத்தில் நெல்லைக் காயப் போட்டவனுக்கு அது கலக்கம். செய்தி ஒன்றே, பொருள் இரண்டு. அப்பொருள் சொல்லில் மட்டும் இல்லை. கேட்பவனின் வாழ்விலும் இருக்கிறது.

வாழ்க்கைச் சூழலும் ஒருவகைச் செய்தியே, அதனையும் கணக்கில் சேர்க்கலாம் என்பர் பொறிக்கொள்கையினர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவ்வழக்கால் நமக்கு ஆவதென்ன என்று மாணவர்கள் கேட்கலாம். கேம்பிரிட்ஜ் அறிஞர் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையைக் காண்கிறோம். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்க்குப் படிக்கக் கொடுத்து, பின்னர் நினைவிலிருந்து எழுதச் செய்தார். எழுதியவர்கள் தமக்கு விளங்காதவற்றை விட்டனர். கடல்நாய் வேட்டை என்பதைச் சிலர் மீன்பிடித்தல் என்று மாற்றினர். வைத்ததை வைத்தவாறே திருப்பித் தருவது பொறியின் நினைவு. மனிதனோ நினைக்கும்போதெல்லாம் தன் வாழ்வுக்கு ஏற்பக் கதையை மீண்டும் புனைகிறான்.

மனம் களஞ்சியமாயின், கல்வி அதனை நிரப்பும் வேலை. தேர்வு அதனைக் கொட்டி அளக்கும் வேலை. மறந்தவன் மந்தன் என்று தீர்ப்புக் கூறிவிடலாம். மனம் பொருள் காணும் ஆற்றலாயின், அத்தீர்ப்பு நிலைக்காது. மாணவன் பாடத்தைத் தான் அறிந்த உலகோடு பொருத்திப் பார்த்தானா, ஐயம் எழுப்பினானா என்றும் கேட்டாக வேண்டும். இக்கேள்வியை ஆசிரியர் கேட்கும்வரை காத்திராமல், நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.