கற்றோட்டத்துக்குப் போகுமுன்

பூங்காவொன்றைப் பார்க்கப் போவதற்கு முன்னேற்பாடு எதற்கு என்று கேட்போர் உளர். கோயிலுக்குப் போவதாயின் நாள் பார்க்கலாம்; வைத்தியரிடம் போவதாயின் நேரம் குறித்துக்கொள்ளலாம்; பூங்காவுக்கோ கால் போன வழியே போய் வரலாம் என்பது அவர்தம் எண்ணம். பூஞ்செடிகளும் புற்றரையும் மட்டும் உள்ள பூங்காவுக்கு அது பொருந்தக்கூடும். ஆனால், கடல் கடந்து, கைப்பொருள் செலவிட்டு, பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு ஒரு சிற்பப் பூங்காவுக்குச் செல்பவர், அது எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறியாமலே உள்ளே நுழைந்து, இரண்டு மணி நேரம் நடந்து, "உடைந்த பீங்கானிற் பொம்மைகள் செய்து வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவாராயின், அவர் செலவழித்த பணமும் நேரமும் வீணே ஆகும். வட இந்தியாவிலே சண்டிகர் நகரில் 'றொக் கார்டன்' என்று வழங்கும் கற்றோட்டம் அத்தகைய ஓரிடம். அதனைப் பார்க்க விரும்பும் நேயர்கள் தங்கள் பயணத்தை எவ்வாறு ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு. பலர் புகைவண்டியால் இறங்கியதும் நேரே தோட்டத்துக்கு ஓடுகின்றனர். அது தவறு. முதலில் நகரத்தைப் பார்த்தல் வேண்டும். அதன் பின்னரே தோட்டத்தைப் பார்த்தல் வேண்டும். ஏனெனில், அந்த நகரம் வேண்டாமென்று எறிந்தவற்றைக் கொண்டே அந்தத் தோட்டம் செய்யப்பட்டது. எறிந்தவரைக் காணாமல் எடுத்தவரை விளங்கிக்கொள்ள இயலாது.

1947ஆம் ஆண்டிலே பஞ்சாப் மாகாணம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, அதன் தலைநகராகிய லாகூர் பாகிஸ்தானுக்குரியதாயிற்று. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் ஒன்று தேவைப்பட்டது. சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் இடம் தெரியப்பட்டு, லெ கொர்பூசியே என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரிடம் அமைப்புப் பணி ஒப்படைக்கப்பட்டது. சதுரங்கப் பலகையிற் கோடு கிழித்தாற்போல வீதிகள் ஓடின. நகரம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு இலக்கமிடப்பட்டது. மனித உடலை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட திட்டம் அது என்பர். தலையின் இடத்திலே சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உயர்நீதிமன்றமும் அமைந்தன. அந்நகருக்கென வகுத்துரைக்கப்பட்ட கட்டளைகளுள் ஒன்று, சண்டிகரின் பூங்காக்களில் எந்தத் தனி மனிதருக்கும் சிலை எழுப்பலாகாது என்பது. இதனை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நலம்.

இந்த அழகிய ஒழுங்குக்கு ஒரு விலை இருந்தது. அங்கே முன்னரே குடியிருந்த இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அகற்றப்பட்டன. சுவர்கள் இடிந்தன, அடுப்படிகளும் கிணற்றடிகளும் மண்மேடாயின. புதிய கட்டடங்கள் எழுந்த இடங்களிலோ உடைந்த ஓடுகளும் மிகுந்த கம்பிகளும் மழையில் நனைந்து இறுகிய சீமெந்து மூட்டைகளும் குவிந்து கிடந்தன. யாருக்கும் வேண்டாத பொருள்கள் அவை.

ஒருவருக்கு மட்டும் அவை வேண்டியிருந்தன. நேக் சந்த் என்பவர் 1924ஆம் ஆண்டிலே, இன்று பாகிஸ்தானுக்குள் இருக்கும் ஒரு கிராமத்திற் பிறந்தவர். பிரிவினையின்போது, இருபத்திரண்டு வயது இளைஞராய், ஊரையும் வீட்டையும் விட்டுக் குடும்பத்தாருடன் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். பின்னர்ச் சண்டிகரில் அரசாங்க மராமத்துப் பகுதியில் வீதிப் பரிசோதகராக அமர்ந்தார். இலங்கையில் ஓவசியர் என்று அழைக்கப்படுவோரின் வேலையை ஒத்தது அது. சிற்பம் பயின்றவர் அல்லர். கலைக்கல்லூரி வாசலை மிதித்தவரும் அல்லர். 1957ஆம் ஆண்டளவில், வேலை முடிந்த பின்னர் மிதிவண்டியில் ஏறி ஆற்றுப் படுகைகளுக்குச் சென்று, நீர் அரித்து விநோத வடிவம் பெற்ற கற்களைப் பொறுக்கத் தொடங்கினார். நகரின் ஓரத்தே, கட்டடம் எழுப்பலாகாது என்று ஒதுக்கப்பட்ட காட்டு நிலத்தில், ஒரு பள்ளத்தாக்கிலே அவற்றைக் கொண்டுபோய் அடுக்கினார். இடித்த ஊர்களின் எச்சங்களும், உடைந்த வளையல்களும் பீங்கான்களும் கழுவுதொட்டிகளும், துருப்பிடித்த மிதிவண்டிச் சட்டங்களும் அவ்வழியே போய்ச் சேர்ந்தன. இரவில் பழைய டயர்களைக் கொளுத்தி, அவ்வெளிச்சத்தில் வேலை செய்தார் என்பர்.

இவ்வாறு பதினெட்டு ஆண்டுகள் சென்றன. தாம் பணியாற்றிய அரசாங்கத்துக்கே தெரியாமல், அரசாங்க நிலத்தில், ஓர் அரசாங்க ஊழியர் ஓர் இராச்சியத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தார். 1975ஆம் ஆண்டில் அது வெளிப்பட்டபோது ஏறக்குறையப் பன்னிரண்டு ஏக்கர் அளவிலே முற்றங்களும் ஒடுங்கிய பாதைகளும் நூற்றுக்கணக்கான சிலைகளும் நிறைந்திருந்தன. சட்டப்படி பார்த்தால் அவ்வளவும் இடிக்கப்பட வேண்டியவை. அதிகாரிகள் திகைத்தனர். திகைப்பு நீங்கியபின் அவர்கள் செய்ததை மெச்சாதிருத்தல் இயலாது. 1976ஆம் ஆண்டில் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்துக்கு, அத்தோட்டத்துக்கென்றே ஓர் எந்திரவியலாளர் பதவியும் சம்பளமும், உதவிக்கு ஐம்பது வேலையாட்களும் வழங்கப்பட்டனர். சட்டத்தைச் சற்றே வளைத்து ஒரு நல்ல காரியத்தைக் காத்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம். வேறு பல ஊர்களிலாயின் கோப்பு ஒன்று திறக்கப்பட்டு, தோட்டம் மூடப்பட்டிருக்கும்.

இனிப் பயணத்தின் ஒழுங்குக்கு வருவோம். கொழும்பிலிருந்து தில்லிக்கு விமானம் உண்டு. தில்லியிலிருந்து சண்டிகர் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். 'சதாப்தி' என்னும் விரைவு வண்டியிற் சென்றால் மூன்றரை மணி நேரத்தில் சேரலாம். காலை வண்டியிற் போய் மாலை வண்டியில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுவோர் உண்டு. கணக்குச் சரிதான், கண்களுக்குத்தான் சரிவராது. ஓர் இரவேனும் அங்கே தங்குதல் வேண்டும். முதல் நாள் நகரத்துக்கு, மறுநாட் காலை தோட்டத்துக்கு என்று வகுத்துக்கொள்ளுதல் நன்று.

காலத்தைப் பொறுத்தவரை, ஒக்டோபர், நவம்பர் மாதங்களும், பெப்ரவரி, மார்ச் மாதங்களும் சிறந்தவை. மே, யூன் மாதங்களில் வெயில் நாற்பது பாகைக்கு மேலேறும். யாழ்ப்பாணத்து வெயிலிற் பழகியவர்க்கு இது பெரிதா என்று எண்ணவேண்டாம். அது கடற்காற்றுப் படாத வறண்ட வெயில். திசம்பர், சனவரி மாதங்களிலோ கடும் பனிமூட்டம் இறங்கிப் புகைவண்டிகளை மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும். அக்காலத்திற் போவோர் கம்பளி உடையோடு பொறுமையையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

சட்டமன்றம் முதலிய கட்டடங்கள் இருக்கும் வளாகத்துள் நினைத்த நேரத்தில் நுழைய இயலாது. குறித்த நேரங்களில், வழிகாட்டி ஒருவருடன் மட்டுமே உட்செல்லலாம். அந்நியநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்டல் வேண்டும். ஆகவே நகரில் இறங்கிய உடனேயே சுற்றுலாத் தகவல் நிலையத்தில் இதற்கு ஏற்பாடு செய்துகொள்வது அவசியம். 2016ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட இடம் அது. அங்கே காற்றுக்குத் திரும்பும் 'திறந்த கை' என்னும் சின்னம் 26 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. அதன் கீழே நின்று, நேர்கோட்டில் ஓடும் வீதிகளையும் வெறுமையான பெருவெளிகளையும் ஒரு நாழிகை பார்த்துக்கொண்டிருத்தல் போதும். மறுநாள் காணப்போவது இதற்கு முற்றிலும் மாறானது.

கற்றோட்டம் இவ்வளாகத்துக்கும் சுக்னா ஏரிக்கும் இடையே உள்ளது. காலை 9 மணிக்குத் திறக்கும்போதே உள்ளே போய்விடுதல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்கலாம், கூட்டத்தின் பின்னால் நகர்வோருக்கு முன்னே போகிறவரின் முதுகே காட்சியாகும். நுழைவுக் கட்டணம் சிறிது. பாதை ஒருவழிப் பாதை. வளைந்து வளைந்து ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றத்துக்குக் கொண்டுசெல்லும். வாயில்கள் வேண்டுமென்றே தாழ்வாக அமைக்கப்பட்டவை. உயர்ந்தவரும் பதவியிற் பெரியவரும் குனிந்தே புகவேண்டும். முழங்கால் நோவுள்ள முதியோருடன் செல்பவர் இதனையும், படிகள் பல இருப்பதனையும் முன்னரே எண்ணிப்பார்த்தல் வேண்டும். மெதுவாக நடந்து, இடையிடையே அமர்ந்து செல்ல மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொண்டால் அவர்களும் பார்த்து மகிழலாம்.

முதற்பகுதி கற்களின் பகுதி. அவசரக்காரர் அதனைச் சில நிமிடங்களிற் கடந்துவிடுவர். அந்தக் கற்களைச் செதுக்கியவர் எவரும் இலர். குருவி போலவும் குனிந்த கிழவி போலவும் தோன்றும் கல் ஒவ்வொன்றும் ஆறு செய்து கொடுத்தது; நேக் சந்த் செய்தது அதனைக் கண்டெடுத்து நிமிர்த்தி வைத்தது மட்டுமே. அதற்கு அடுத்து நீர்வீழ்ச்சிகளும், பாலங்களும், மலைச்சரிவில் ஒட்டிய சிறு கிராமம் போன்ற அமைப்பும் வரும். பஞ்சாபிலே விட்டுவந்த ஊரை அவர் அங்கே மீண்டும் கட்டிக்கொண்டார் என்று பார்ப்போர் எண்ணுதல் இயல்பு.

பின்னர்ச் சிலைகள். ஆயிரக்கணக்கிலே வரிசை வரிசையாக நிற்கின்றன. நீர் சுமக்கும் பெண்கள், படைவீரர், ஆடுவோர், குரங்குகள், ஒட்டகங்கள். சேலையின் பளபளப்பை அருகே போய்ப் பார்த்தால் அது உடைந்த கண்ணாடி வளையல். மிருகத்தின் கால் மிதிவண்டியின் கவை. தலை அதன் இருக்கை. மதிலொன்று மின்சாரச் செருகிகளால் மூடப்பட்டிருக்கும்; மற்றொன்று மண்பானைகளால் ஆகியிருக்கும். பிள்ளைகளுடன் செல்வோர் இங்கே அவர்களை விரைவுபடுத்தாமல், "இது முன்னர் என்னவாக இருந்தது?" என்று கேட்டுக் கண்டுபிடிக்கவிடுதல் வேண்டும். எந்தப் பாடப்புத்தகமும் தராத பாடம் அது. சிலைகளுக்கு நேக் சந்த் பெயர் சூட்டவில்லை. தனி மனிதர் எவருக்கும் சிலை வேண்டாம் என்று விதித்த நகரிலே, பெயரில்லாத இத்தனை பேர் வந்து நிற்கின்றனர். கட்டளையை வகுத்தோர் இதனை எதிர்பார்த்திருக்கமாட்டார். கட்டளை மீறப்படவுமில்லை.

கடைசிப் பகுதியில் உயர்ந்த வளைவுகளிலே ஊஞ்சல்கள் தொங்குகின்றன. பிள்ளைகள் இடையில் மனம் சோர்ந்தால் இதனைச் சொல்லி நடத்திச் செல்லலாம். பெரியோரும் ஆடலாம், அங்கே எவரும் நகைப்பதில்லை.

ஒரு செய்தியைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே அறிவுறுத்தல் வேண்டும். சிலைகளின்மேல் ஏறவோ, ஒட்டியிருக்கும் வளையற்றுண்டுகளைப் பெயர்க்கவோ கூடாது. அத்தோட்டம் பட்ட அடிகள் பல. 1990ஆம் ஆண்டில் அதனை ஊடறுத்து வீதியொன்று அமைக்க இயந்திரங்கள் வந்தபோது, நகரமக்கள் திரண்டு குறுக்கே நின்று தடுத்தனர். 1996ஆம் ஆண்டில் நேக் சந்த் வெளிநாடு சென்றிருந்த வேளையிலே, காவல் நீங்கிய தோட்டத்துட் புகுந்து சிலைகள் பலவற்றைச் சிலர் உடைத்தனர். அவர் 2015ஆம் ஆண்டு யூன் மாதத்தில், தொண்ணூறாவது வயதில் மறைந்தார். 2025ஆம் ஆண்டிலே, உயர்நீதிமன்றத்தை அடுத்த வீதியையும் வாகனத் தரிப்பிடத்தையும் விரிப்பதற்காகத் தோட்டத்து வெளிமதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அப்போதும் நகரத்தவர் எதிர்த்துக் குரல் எழுப்பினர்; ஆயினும் மதில் விழுந்தது. நீதிமன்றத்துக்கு வருவோரின் வாகனங்களுக்கு இடம் வேண்டுமென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், இடித்த ஊர்களின் எச்சத்தால் எழுந்த மதிலையே மீண்டும் இடித்துத் தேடிய இடம் அது என்பதை எண்ணும்போது மனம் பொறுக்குதில்லை. முதல் நாள் உயர்நீதிமன்றத்தைப் பார்த்தவர், மறுநாள் தோட்டத்தைப் பார்த்து வெளிவந்ததும், அந்த வீதியோரமாகவும் சிறிது தூரம் நடந்து பார்த்தல் வேண்டும். பயண நூல்கள் அதனைக் குறிப்பதில்லை.

நகரில் ரோசாத் தோட்டமும், நூதனசாலையும் இருக்கின்றன. அவற்றையும் அதே நாளில் திணித்துக்கொள்ளுதல் வேண்டாம். உச்சிவேளைக்குப் பின் ஓய்வெடுத்து, வெயில் தாழ்ந்ததும் சுக்னா ஏரிக்கரைக்குப் போகலாம். 1958ஆம் ஆண்டில் ஓர் ஓடையை மறித்து ஆக்கிய ஏரி அது. திட்டமிட்டோர் அணை கட்டிக்கொண்டிருந்த அதே நாள்களில், சற்றுத் தொலைவிலே புதருக்குள் ஒருவர் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மாலையில் அங்கே நகரத்தவர் குடும்பத்துடன் உலாவ வருவர். வடகீழ்த் திசையில் குன்றுகள் நீலமாய்த் தெரியும். தில்லி திரும்பும் மாலை வண்டிக்கு இருக்கையை முன்னரே பதிவு செய்திருந்தால், இருட்டும் வரை அவசரமின்றி அக்கரையில் இருக்க இயலாது. ஆதலால் திரும்பும் பயணத்தை மறுநாட் காலைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.